அலமாரியின் வாசல் பக்கம்

"அறுத்துடலாம்க்கா," என்று தம்பி இரண்டாவது தடவையாகச் சொன்னான். ரம்பம் அவன் கையிலேயே இருந்தது.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் கட்டில் முட்டிக்கொண்டு நின்றது. கட்டிலில் அப்பா. விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு மூச்சு நின்றிருந்தது. டாக்டர் வந்து பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நாலு மணிக்கு வண்டி வரும். அதற்குள், வருகிறவர்கள் பார்ப்பதற்கு அவரை முன்பக்கம் கொண்டுவந்தாக வேண்டும். அந்த இடுக்கில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நுழையலாம். மூட்டையை நிமிர்த்துவதுபோல் அவரை நிமிர்த்திக் கொண்டுவர யாருக்கும் மனசு வரவில்லை.

"அறுக்க வேணாம்டா. அலமாரி கழண்டு வரும்," என்றாள் மூத்தவள்.

"இந்த மலையா?"

மலை இல்லை, மாளிகை. அலமாரி என்று சொல்வதெல்லாம் பழக்கதோஷம். கீழே மூன்று படிகள். படிகளுக்கு மேல் நான்கு தூண்கள், தூண்களின் தலையில் சுருண்ட இலைகள். கோட்டை வாயில்போல் வளைந்த இரண்டு கதவுகள். அதற்கு மேல் சுண்டுவிரல் உயரத்துக் கைப்பிடியோடு ஓர் உப்பரிகை, வரிசையாக ஏழு ஜன்னல்கள், உச்சியில் முக்கோணக் கூரை. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு தச்சன், ஏதோ ஒரு கட்டடத்தின் முன்னால் நாள்கணக்கில் நின்று பார்த்து, அதை அப்படியே மரத்தில் இறக்கி வைத்திருந்தான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இடிக்கப்போகிற ஒரு பழைய ஹோட்டலில் லிஃப்டைக் கழற்றப் போனவர், விறகுக்கென்று ஒதுக்கியிருந்த இதைக் கேட்டு வாங்கி, தள்ளுவண்டியில் மூன்று நடையாகக் கொண்டுவந்து சேர்த்தார். அம்மா அவரை மறுமணம் செய்துகொண்டு, எட்டு வயது மகளைக் கையில் பிடித்தபடி இந்த வீட்டுக்குள் வந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வீடு என்றால் நீளமான ஒரே அறை, பின்னால் ஒட்டினாற்போல் சமையலறை. அவர் அலமாரியை அறையின் குறுக்கே நிறுத்தினார். முன்பாதி அவளுக்கு, பின்பாதி அவர்களுக்கு.

தெருக்கதவுக்குப் போக அவள் பாதியைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் அலமாரியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். எட்டு வயசில் அவளிடம் அனுமதி கேட்ட ஒரே பெரிய மனிதர் அவர்தான். ஆரம்பத்தில் அவரை எப்படியும் கூப்பிடாமலே காலத்தை ஓட்டினாள். எப்போது அவர் 'அப்பா' ஆனார் என்பது அவளுக்கும் நினைவில்லை, அவருக்கும் நினைவிருந்ததில்லை.

"தரை பேந்து சிமெண்ட் போட்டப்ப அவரே கழட்டினாரு. நான் கூடவே இருந்தேன்," என்றாள். "ஒரு ஆணி கெடையாது, எல்லாம் ஆப்பு. மேலேர்ந்து வரணும்."

எதிர்வீட்டு டெய்லர் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். "பாத்து பாப்பா. ஆப்பப் புடுங்கின கொரங்கு கதையாயிடப் போவுது."

பாப்பாவுக்கு நாற்பது வயது. ஏறி நின்றாள்.

சுவரோரமாக உட்கார்ந்திருந்த அம்மா, "அவரு இருந்திருந்தா, யாரும் கீழ நிக்காதீங்கன்னு இந்நேரம் நாலு தடவ கத்தியிருப்பாரு," என்றாள். காலையிலிருந்து அம்மா பேசியது அதுதான் முதல். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் கட்டிலைப் பார்த்தான்.

முதல் ஆப்பு அசைந்து கொடுக்கவில்லை. பக்கவாட்டில் மெல்ல மெல்லத் தட்டியதும், ஆடிக்கொண்டிருந்த பல் விழுவதுபோல் கையில் விழுந்தது. கூரை இறங்கியது. ஜன்னல் வரிசையும் உப்பரிகையும் இறங்கின. ஒவ்வொன்றையும் டெய்லர் வாங்கி, குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் பாயில் வைத்தார். ரம்பம் எப்போது தம்பி கையைவிட்டுப் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

ஒரு தூணைப் பிடித்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "இதுக்காக நான் ஒருதடவ சண்ட போட்டிருக்கேன், தெரியுமா? ஏழு வயசிருக்கும். அக்காவுக்கு மட்டும் மாளிகை, எனக்கு மட்டும் வெறும் பலகையான்னு."

"எனக்குத் தெரியாதேடா."

"ஒனக்குக் கேக்கக் கூடாதுன்னுதானே தெருமுனை வரைக்கும் தூக்கிட்டுப் போனாரு."

"என்ன சொன்னாரு?"

அவன் தூணின் இலைகளைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான். "'நீ இந்த வீட்ல பொறந்தவன்டா. அவ வந்தவ. வந்தவங்களுக்குத்தான் வாசப்பக்கம் வேணும்'னாரு. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் புரியல. கோவந்தான் வந்துச்சு."

"இப்ப?"

"அந்தப் பக்கத்தப் புடிக்கா. நழுவுது."

இருவரும் சேர்ந்து முதுகுப் பலகையைத் தூக்கி நகர்த்தினார்கள். தெருப்பக்கத்து ஜன்னல் வெயில் ஒரே எட்டில் அறையின் கோடிவரைக்கும் போய் அப்பாவின் முகத்தில் விழுந்தது.

அந்த வீட்டுக்கு ஜன்னல் ஒன்றுதான். அது அவள் பாதியில் இருந்தது. பட்டப்பகலிலும் பல்பைப் போட்டுக்கொண்டு, சின்னக் கண்ணாடி ஒன்றைப் பலகையில் மாட்டி அவர் ஷேவ் செய்வதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். அது அவர் வழக்கம் என்றே நினைத்திருந்தாள். அவள் கல்யாணமாகிப் போய்ப் பதினாறு வருஷம். தம்பி வேலை கிடைத்து வெளியூர் போய் எட்டு வருஷம். அதற்குப் பிறகும் அவர்கள் முன்பக்கத்துக்கு மாறவில்லை. அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "புள்ளைங்களோட வந்தா எங்க படுப்பா?" என்றாராம்.

கைகளுக்கு நடுவில் சாய்ந்து நின்ற பலகையை அவள் இப்போதுதான் நேராகப் பார்த்தாள். இழைக்காத மரம். ஒரு பூ இல்லை, ஒரு கோடு இல்லை. நடுவில் ஒரு முடிச்சு மட்டும் கண்போல் இருந்தது. தலையணை உயரத்தில் பலகை கறுத்து வழுவழுப்பாகியிருந்தது. முப்பத்திரண்டு வருஷம் அவர் சாய்ந்து உட்கார்ந்த இடம்.

பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலருகே போனாள். வெளிச்சத்தில் அவருடைய இடது புருவத்துக்குள் ஒரு பழைய தழும்பு தெரிந்தது.

"இது எப்பம்மா பட்டது?"

"லிஃப்ட் கயிறு அடிச்சது. நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

அவள் சீப்பை எடுத்து அவருக்குத் தலைவாரிவிட்டாள். வாரி முடித்த பிறகும் சீப்பைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. கொஞ்சநேரம் மறுபடி மறுபடி வாரிக்கொண்டிருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு நாலு பேராகத் தூக்கினார்கள். கட்டில் எங்கும் இடிக்காமல், சாயாமல், மட்டமாக முன்பக்கம் வந்தது.

வருகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியாத ஓர் அம்மாள் கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்று, "ஒருதடவ நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். இருட்டு. கதவு தொறக்கிற வரைக்கும் வெளிய நின்னு எங்கிட்டப் பேசிக்கிட்டே இருந்தாரு. என்ன பேசினாருன்னு ஒண்ணுகூட ஞாபகமில்ல. பேசிக்கிட்டே இருந்தாரு," என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். நாலு மணிக்குச் சொன்னபடி வண்டி வந்தது.

மறுநாள் காலையில் தம்பி எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தான். தூண்களும் கதவுகளும் சுவரோரமாக அடுக்கியிருந்தன. அறை அவர்கள் யாருக்கும் பழக்கமில்லாத அளவுக்கு நீளமாக இருந்தது.

"எந்தப் பக்கம் பாத்து நிறுத்தலாம்க்கா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"ரெண்டு நாள் போகட்டும்," என்றாள் அம்மா.

ஜன்னல் வெயில் தரையில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. அம்மா அதற்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. கட்டம் நகர நகர, கையைத் தரையில் ஊன்றி, அவளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தாள்.