மதகுக்கட்டைப் பஞ்சாயத்து

மைன்ஸில் முதல் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்த மதகுக்கட்டையில் உட்கார்ந்தால், எழுந்திருக்க விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். பேச்சு முழுக்க ஹாக்கிதான். மதகு இருந்ததோ ராஜாங்கத்தின் குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே. அவர் மனைவி சந்திரகலா, அரிசி களைந்துகொண்டே கேட்டுக் கேட்டு, ஷார்ட் கார்னர் எதற்குக் கொடுப்பார்கள் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருந்தாள். ஆனால் அந்த வாரம் பேச்சு முழுவதும் அவள் வீட்டுக்காரரைப் பற்றியே இருந்தது.

டவுன்ஷிப் டீமுக்கு ஏற்கெனவே ஒரு கோச் உண்டு. ஸ்டிக் வேலை மட்டும் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒருவர் வேண்டும், பழைய ஃபார்வர்டு ராஜாங்கத்தைக் கேட்கலாம் என்று கிளப்பில் யாரோ ஆரம்பித்துவிட்டார்கள்.

"அவரு கோச்சா?" சடையப்பனின் குரல் எப்போதும் எல்லோருக்கும் மேலே நிற்கும். மைன்ஸில் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகியவன், பக்கத்துக் கிராமத்துக்காரன். "அவருகிட்ட போன பாலு கோலுக்குள்ள போவும், இல்லாட்டி வெளிய போவும். பாஸுன்னு ஒண்ணு இருக்குதுன்னே அவருக்குத் தெரியாது. பசங்களுக்கு இன்னாத்த சொல்லிக் குடுப்பாரு?"

"உனக்கு என்னவே தெரியும்?" என்றான் மாடசாமி. அவன் கோவில்பட்டிக்காரன்; ஹாக்கியைத் தாய்ப்பாலோடு குடித்தவன் மாதிரி பேசுவான். "எங்க ஊருல நாலு பேரு மறிச்சோம். நாலு பேரையும் மரம் மாதிரி நிக்க வச்சிட்டுப் போனாரு."

"போயி? அஞ்சாவது ஆளுகிட்ட குடுத்துட்டு வந்தாரு. சைடுல நம்ம ஆளு ஒருத்தன், குடுண்ணே குடுண்ணேன்னு அழுதுகினு ஓடறான்."

மதகே சிரித்தது. மாடசாமி விடவில்லை.

"மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸ்ல இந்தியாவுக்கு என்ன ஆச்சு, பாத்தேல்லா? ஏழாவது எடம். பிளாஸ்டிக் தரையில ஆடுற காலம் வந்துட்டு. இனிமே ஸ்டிக் சுத்தமா இருக்கணும். அதுக்குத்தான் அவரு வேணுங்கேன்."

"நம்ம கிரவுண்டுல பிளாஸ்டிக்கா கெடக்குது? நெருஞ்சி முள்ளுதான் கெடக்குது!"

சந்திரகலா ஜன்னலைச் சாத்தினாள். சடையப்பன் ஜெயிக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். கட்டினவரை எதிர்த்துப் பேசுகிறவன் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டுகிற பெண் இந்த பிளாக்கில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்றும் தோன்றியது.

காரணம் அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பந்தயத்தில் பந்து எகிறி ராஜாங்கத்தின் நெற்றியோரம் பட்டது. தையல் ஆறிவிட்டது. நாலு மாதம் கழித்து ஒரு நாள், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து, கை கால் வெட்டி, வாயில் நுரை தள்ளக் கிடந்தார். வலிப்பு. பாண்டிச்சேரிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். அன்று முதல் மாத்திரை. முழங்கால் போய்விட்டது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு அவர் ஆட்டத்தை நிறுத்தினார். வேலை ஸ்டோர்ஸில், நாற்காலி வேலை. மாத்திரையை மறக்காதவரை ஒன்றும் வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியும் வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்தது. அசதியும் வெயிலும் சேர்ந்தால் வந்தது.

வெளியே தெரிந்தால் அன்ஃபிட் என்று எழுதிவிடுவார்கள், வேலையும் குவார்ட்டர்ஸும் போய்விடும் என்று அவள் நம்பினாள். யார் சொன்னார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பயத்துக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அன்று ராஜாங்கம் பரணிலிருந்து ஸ்டிக்கை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம காலையில வரச் சொல்லியிருக்காங்க. டீமுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுக்கணும். அத எல்லாரும் பாப்பாங்க. அப்புறம் முடிவு பண்ணுவாங்களாம்."

"வெயில்ல வேணாங்க."

"மாத்திரை சாப்பிடுறேன்ல?"

"நடுக் கிரவுண்டுல வந்துச்சுன்னா?"

அவர் ஸ்டிக்கின் பிடியில் சுற்றியிருந்த பழைய துணியைப் பிரித்துப் புதிதாகச் சுற்றினார். மூன்று வருஷமாக அந்த முகத்தில் பார்க்காத வெளிச்சம் ஒன்று இருந்தது. அதை அணைக்க அவளுக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை வில்லுடையான்பட்டு முருகன் சந்நிதியில் நின்றபோதும், என்ன கேட்பது என்று தெரியாமல், "நீயே பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

திரும்பி வருகிற வழியில் சடையப்பன் தனியாகச் சைக்கிளில் வந்தான். அவளைப் பார்த்ததும் இறங்கினான்.

"இன்னா அண்ணி, கோவமா? நான் பேசறதெல்லாம் ஜன்னல்ல கேட்டுகினு இருப்பீங்க."

"கோவமில்ல தம்பி. நீங்க சொல்றதையே சொல்லுங்க. விடாதீங்க. அவர வேணாம்னே சொல்லிடுங்க."

சடையப்பன் விழித்தான். "அண்ணி, நான் ஆட்டத்துக்காகப் பேசறேங்க. அவரு மேல ஒண்ணுமில்ல. அவரு ஆடறதப் பாக்கவே நடந்து வந்த ஆளு நானு. நீங்க ஏன் இப்படி..."

கோயில் திருநீறு கையில் இருந்தது. பொய் சொல்ல வரவில்லை. அழுகை முந்திக்கொண்டது, அதன் பின்னாலேயே எல்லாமும் வெளியே வந்துவிட்டது.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், சைக்கிளில் ஏறினான், போய்விட்டான்.

அவன் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. மூன்று வருஷம் பொத்தி வைத்த ஒன்றை, டவுன்ஷிப்பிலேயே பெரிய வாய்க்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை மதகில் அவர்கள் உட்கார்ந்தபோது, அவள் ஜன்னலுக்குக் கீழே தரையில் குந்திக் காதைக் கொடுத்தாள். சடையப்பன் அன்று பேசவே இல்லை. யாரோ கிண்டல் செய்தார்கள்: "என்னடா, வாயில கரி லோடு எறக்கிட்டாங்களா?" அவன் அதற்கும் பேசவில்லை. பேசியிருந்தால்கூட அவளுக்கு அத்தனை பயம் வந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது, அவனும் மாடசாமியும் தனியாக எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. சொல்லப் போகிறான்.

ஞாயிற்றுக்கிழமை அவரை நிறுத்த முடியவில்லை. மோர் கொண்டுபோகிற சாக்கில் அவளும் போனாள். கிரவுண்டுக்கு வெளியே ஒரு வாகை மரத்தடியில் நின்றாள். நல்ல கூட்டம். ராஜாங்கம் பந்தை ஸ்டிக்கில் ஒட்டியது போல இழுத்து, வெட்டி, ஒவ்வொரு பையனாகக் கூப்பிட்டு மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். கூட்டம் "ஆ" என்றது. அவளுக்கும் ஒரு கணம் மறந்துவிட்டது. எவ்வளவு அழகாக இருக்கிறார்.

அப்புறம் பயிற்சி ஆட்டம் தொடங்கியது. அவர் கோட்டுக்கு வெளியே வந்து நின்றார். வெயில் ஏறியிருந்தது. சந்திரகலா அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் உள்ளே மடங்கியது. மற்ற விரல்கள் அதன்மேல் இறுகின. அவளுக்குத் தெரியும். ஸ்டிக் கீழே விழுந்தது. அவர் அதன் மேலேயே விழுந்தார்.

அவள் ஓடினாள். தூக்குப்பாத்திரம் எங்கே போயிற்று என்று தெரியாது. ஆனால் அவளுக்கு முன்னால் சடையப்பன் அங்கே இருந்தான். மறுபக்கம் மாடசாமி. இரண்டு பேரும் காலையிலிருந்து அவருக்குப் பத்தடி தூரத்திலேயே நின்றிருந்தார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"மதகு ஆளுங்க எல்லாம் இங்க வாங்கடா!" என்று சடையப்பன் கத்தினான். "சுத்தி நில்லுங்க. உள்ள பாக்காத! முதுகத் திருப்பு. துண்ட விரிச்சுப் புடி. யாருக்கும் தெரியக்கூடாது."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டுகளை விரித்து, கைக்குக் கை பிடித்து, வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் தயங்கி நிற்கப் பார்த்தது. மாடசாமி கையை வீசினான். "எவம்ல நிறுத்தச் சொன்னது? ஆடுங்கலே!" பந்து ஓடியது. கூட்டத்தின் பாதிக் கண்கள் அதன் பின்னால் ஓடின. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர்களிடம் சடையப்பன் சொன்னான்: "அண்ணன் கொஞ்சம் படுத்துகினு இருக்காரு. நீ ஆட்டத்தப் பாரு."

துண்டுகளுக்குள்ளே அவளும் அவரும் மட்டும் இருந்தார்கள். யாரோ திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி ஒரு சைக்கிள் சாவியைக் கொடுத்தார்கள். இரும்பைப் பிடித்தால் நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. அவள் வாங்கி மண்ணில் வைத்துவிட்டு, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், சட்டைப் பொத்தானைத் தளர்த்தினாள். வெட்டு மெல்ல அடங்கியது. கூப்பிட்டால் ஆண்டவன் முகம் காட்டுவான் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அன்று அவன் வேர்வையில் நனைந்த சட்டை போட்டுக்கொண்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். ராஜாங்கம் உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

சடையப்பன் வாசற்படியிலேயே நின்றான். "அண்ணி, மன்னிச்சுக்குங்க. ஒருத்தன்கிட்ட மட்டும் சொல்லிட்டேன். தனி ஆளால முடியாதுன்னு தோணுச்சு."

"எங்கிட்டதான் மதினி சொன்னான்," என்றான் மாடசாமி. "மத்தவனுக எங்களக் கேக்கல. கேட்டாலும் எங்க வாயிலருந்து வராது."

அவர்கள் வாயை எத்தனை நாளைக்கு நம்புவது? மதகில் தினமும் எத்தனை பேர்! பயம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும், "உள்ள வாங்க, காப்பி போடுறேன்" என்றாள்.

"காப்பி இருக்கட்டுங்க. இன்னிக்கு நீங்க வராம இருந்தீங்கன்னா நாங்க முழிச்சிகினு நின்னுருப்போம். அப்ப இன்னா செய்யணும்? சொல்லிக் குடுங்க."

அவள் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினாள். கையைக் காலைப் பிடித்து அமுக்கக் கூடாது. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. சாவி வேண்டாம். தலைக்கடியில் துணியை மடித்து வைக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நெஞ்சுக்குள் மட்டுமே இருந்த சொற்கள். வெளியே கேட்கும்போது அவளுக்கே புதிதாக இருந்தன. அவர்கள் ரேடியோவில் வர்ணனை கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள்.

"முதல்ல கட்டைவிரல் மடங்கும்," என்றாள். "அதப் பாத்துடணும்."

"மடங்குமா?"

ராஜாங்கம் எழுந்து வந்து கதவோரம் நின்றிருந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. முழிக்கிறப்ப உம் மொகந்தான் தெரியும். எப்படி இருப்பேன் நான், அப்போ?"

இதை அவர் கேட்டதே இல்லை. அவளும் சொன்னதில்லை. ஒருவருக்கொருவர் பயந்து மூன்று வருஷம் ஓடியிருந்தது.

"கொழந்த மாதிரி இருப்பீங்க," என்றாள். "பயமாத்தான் இருக்கும். ஆனா கொஞ்ச நேரந்தான்."

அவர் வந்து பாயில் உட்கார்ந்தார். சடையப்பன் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, கிளப்புல இன்னும் முடிவு பண்ணல. நான் இப்பவும் வேணாம்னுதான் சொல்லுவேன். காலையில அந்தப் பசங்களுக்கு இழுக்கச் சொல்லிக் குடுத்தீங்க, வெட்டச் சொல்லிக் குடுத்தீங்க. ஒரு பாஸு சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஏ, நிறுத்துவே. மனுசன் இப்பத்தான் எந்திரிச்சு ஒக்காந்திருக்காரு."

"ஒக்காந்துட்டாரில்ல? அப்ப கேக்கலாம்."

ராஜாங்கத்தின் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியாதபடி, "பாஸ் நாளைக்கிச் சொல்லித் தரலாம்னு இருந்தேன்டா" என்றார்.

நாளைக்கு. வேண்டாம் என்று சொல்லச் சந்திரகலாவுக்கு உரிமை உண்டு. சொன்னால் அவர் கேட்பார். அவருடைய இடது கையைப் பார்த்தாள். பாயின்மேல் விரிந்து கிடந்தது.

"வெயில் தாழ்ந்தப்புறம் வச்சுக்கச் சொல்லுங்க, தம்பி," என்றாள் சடையப்பனிடம். "நீங்க ரெண்டு பேரும் எத்தன மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவீங்க?"