ஜன்னல் மேடையில் ஒரு பெட்டி

"அப்பா, இந்தப் பெட்டியில நீ மட்டுமே யோசிச்சது எது?"

மகள் ஆறு வயதில் கேட்ட கேள்வி இது. அட்டைப்பெட்டிகளுக்கு வரைபடம் போடும் வரைபடக்காரர் அன்றைக்குத் தான் வேலை செய்த மருந்துப் பெட்டி ஒன்றைப் பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி, கூட வேலை செய்யும், அட்டை வெட்டுகிற கத்தரி அக்காவின் யோசனை. கைப்பிடி, பசை ஒட்டுகிற ஒட்டுக்காரருடையது. உள்மடிப்பு யாருடையது என்றே தெரியாது.

"போய்ப் பல் தேய்ச்சுட்டுப் படு" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

அந்த மாதிரி உள்மடிப்புதான் அவர் சேர்ந்த புதிதில் அவர் வேலையைக் காப்பாற்றியது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், மாதிரிப் பெட்டிகள் செய்யும் அறையில் புதிதாகச் சேர்கிறவர், மூன்று மாதத்துக்குள் ஒரு பெட்டி செய்து காட்ட வேண்டும். உள்ளே கண்ணாடி பாட்டிலை வைத்துத் தோள் உயரத்திலிருந்து கீழே போடுவார்கள். உடைந்தால் மறுநாள் இன்னொரு வாய்ப்பு. அதிலும் உடைந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எட்டு வருடம் முன்பு அவருடைய பாட்டில் முதல் நாள் உடைந்தது. அறையின் வழக்கப்படி பெட்டியை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனார். அங்கே வைத்த பெட்டியில் யார் வேண்டுமானாலும் ஒன்றே ஒன்றைச் சேர்க்கலாம். வாயால் சொல்லிக்கொடுக்கக் கூடாது. செய்தது யார் என்றும் கேட்கக் கூடாது. யாரும் யார் முன்னாலும் தலைகுனிய வேண்டாம் என்பதற்காக வந்த வழக்கம். மறுநாள் காலை உள்ளே ஒரு மடிப்பு இருந்தது. பாட்டிலும் பிழைத்தது, அவரும் பிழைத்தார். அந்த நன்றியை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இன்றுவரை சுமந்துகொண்டிருந்தார்.

இந்த முறை புதிதாக வந்தவர் தையல்கடையில் வேலை பார்த்த ஒரு அம்மா. கடையை மூடிவிட்டார்கள், இரண்டு பிள்ளைகளின் படிப்பு இந்த வேலையை நம்பித்தான் இருந்தது. துணியைக் கொசுவுவதுபோல் அட்டையை மடித்து, பாட்டிலைச் சுற்றி நிறுத்தியிருந்தார்.

"என்னம்மா, பாட்டிலுக்குக் கவுன் தைச்சுப் போட்டிருக்கீங்க?" என்றார் ஒட்டுக்காரர்.

"போட்டுப் பாருங்கண்ணே. கவுனுக்குள்ள இருக்கற குழந்தைக்கு அடிபடுதான்னு பாப்போம்."

பெட்டி விழுந்தது. அடிப்பக்கம் பிளந்து, பாட்டில் நழுவி வெளியே வந்து உடைந்தது.

கத்தரி அக்கா தரையில் குந்தி மடிப்புகளைத் தடவிப் பார்த்தார். "அடிதான் திறந்துடுச்சு. மடிப்பு அப்படியே நிக்குது பாருங்க! இருபது வருஷமா அட்டை வெட்டுறேன், இந்த மண்டையில இது தோணலையே!"

"தோணி என்னக்கா பிரயோஜனம்? உடைஞ்சுடுச்சே." தையல்காரம்மா சில்லுகளைக் கூட்டி அள்ளினார்.

"நாளைக்கு இன்னொரு தடவை இருக்குல்ல? கொண்டுபோய் ஜன்னல்ல வை."

சாயங்காலம்வரை தையல்காரம்மா அடிப்பக்கத்தில் பசைமேல் பசையாகப் பூசினார். பசையால் ஆகிற காரியமில்லை என்று வரைபடக்காரருக்குத் தெரிந்தது. ஆனால் வாயால் சொல்லக் கூடாதே.

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டார். அறையில் யாரும் இல்லை. ஜன்னல் மேடையில் இருந்த பெட்டியைக் கையில் எடுத்தவர், வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டே நின்றார். பாட்டிலின் கழுத்தருகே மடிப்புகள் நெருங்கியும் வயிற்றருகே விரிந்தும் போயின. அளவுகோல் வைத்துப் போட்டால் இப்படி வராது. எத்தனையோ உடம்புகளுக்கு அளவெடுத்த விரல்களுக்குத்தான் இது வரும். கடவுள் ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைக் கொடுத்துத்தான் அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

மடிப்புகளைத் தொடவில்லை. அடிப்பக்கத்தில் ஒரு கீறல் போட்டார். எதிர்ப்பக்க அட்டையை நாக்குப்போல் வெட்டி அதில் செருகினார். அவ்வளவுதான். உள்ளே ஒரு பாட்டிலை வைத்துத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். கண்ணை மூடி, மனதுக்குள் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டு பெட்டியைக் கீழே விட்டார்.

தொப்பென்று விழுந்தது. திறந்து பார்த்தார். பாட்டில் முழுதாக இருந்தது.

அதை வெளியே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். பெட்டியின் மூலையில் ஒட்டிய தூசியைத் துடைத்து, அந்த அம்மா வைத்திருந்த மாதிரியே ஜன்னல் மேடையில் வைத்தார். வெட்டி விழுந்த அட்டைத் துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் வரும்வரை தெருவில் நடந்துவிட்டு வரலாம் என்று கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.