செவ்வரளி வந்தால் புது இன்ஜின்

தமிழ்ச்செல்விக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். சிவப்பு நிறம், இரண்டே இரண்டு சீட்டு, வெளிநாட்டுப் பிறப்பு. சிறுசேரி கம்பெனிகளுக்கு வேன் விடும் அவள் புருஷன் ஆனந்தன், வேலையை விட்டுப் போன ஒரு மேனேஜரிடமிருந்து அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தான். அன்றோடு அவர்களுடைய செங்கல்பட்டு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இல்லாமல் போனது. விடிந்ததும் பானெட்டுக்குள் தலையை விட்டால், சோற்றுக்குத்தான் வெளியே எடுப்பான். பொம்பளையாக இருந்தால் முடியைப் பிடித்து இழுத்தாவது சண்டை போடலாம், காரை என்ன செய்வது? அவளுக்குப் பொறாமைதான். அதை அவள் மறைத்ததும் இல்லை.

அந்தக் கார் இப்போது சாகக் கிடந்தது. கிளப்பினால் நீலப் புகை கக்கும். கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று அக்கம்பக்கத்தில் ஜன்னலைச் சாத்துவார்கள். மெக்கானிக் சரவணகுமார் பார்த்துவிட்டு, இன்ஜின் தேய்ந்துவிட்டது, பிரித்து வேலை பார்ப்பது வீண், ஒன்று வேறு இன்ஜின் மாட்டு, இல்லாவிட்டால் காயலான் கடைக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டான். ஆனந்தன் மாட்டலாம் என்றான். அவள் அனுப்பலாம் என்றாள். மூன்று வேளையும் இதே பேச்சு. கடைசியில், மாமல்லபுரத்துக் கடலோரத்தில் இருக்கும் அவள் பிறந்த வீட்டுக் குலதெய்வம் கங்கையம்மன் கோயிலில் பூ கட்டிப் பார்ப்பதென்று முடிவானது. இலையில் சுருட்டி இரண்டு பொட்டலம். ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை. அம்மன் காலடியில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுப்பார். செவ்வரளி வந்தால் புது இன்ஜின், நந்தியாவட்டை வந்தால் காயலான் கடை.

பொட்டலத்தை நானே கட்டுகிறேன் என்று ஆனந்தன் முன்வந்தபோதே அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு முழம் பூ வாங்கித் தராத மனுஷன். கிளம்புகிற நேரத்தில் அவன் இன்ஜினுக்கு ஆயில் ஊற்றிக்கொண்டிருக்க, அவள் சமையலறையில் பொட்டலங்களைப் பிரித்தாள். இரண்டிலும் செவ்வரளி.

அவளுக்குக் கோபமே வரவில்லை, சிரிப்புதான் வந்தது. நியாயமாக ஒன்றை மட்டும் மாற்றியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு நல்லவளாக இருக்க அன்று மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுச் செடியில் நந்தியாவட்டை பறித்து, இரண்டிலுமே வெள்ளையை வைத்து, நார் மாறாமல் கட்டிவிட்டாள்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் புகை விட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். கோயில் வாசலில் ஐந்தாறு அடுப்பில் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. பூசாரி செங்கல்வராயன் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்து, பிரித்துக் காட்டினார். வெள்ளை.

ஆனந்தனின் முகம் வெளிறிவிட்டது. அவன் அடம்பிடிப்பான், முறைப்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவனோ அடியோடு சாய்ந்த மரம்போலத் தரையில் விழுந்தான்.

"ரெண்டுலயும் செவப்புதான் வெச்சேன் தாயே. என் கையால வெச்சேன். நீ வெள்ளையா மாத்திட்ட. என் பொண்டாட்டிக்குப் பொய்யே தெரியாது. அவள ஏமாத்தப் பாத்தேன், மன்னிச்சுடும்மா."

அடுப்படியில் இருந்த பெண்கள் கரண்டியோடு ஓடி வந்தார்கள். செவ்வரளி நந்தியாவட்டையாக மாறிய கதை ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவதற்குள், அம்மன் கண் திறந்ததை ஒருத்தி பார்த்தே விட்டிருந்தாள். யாரோ குலவை போட்டார்கள். பூசாரி இரண்டாவது பொட்டலத்துக்குக் கை நீட்டினார். தமிழ்ச்செல்வி பாய்ந்து அதை எடுத்து உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்; அம்மன் ஒருதரம் சொன்னால் போதாதா என்று அவரையே கேட்டாள். அவள் பக்தியைப் பார்த்து அவர் மெச்சிக்கொண்டார்.

இனிமேல் கார் காயலான் கடைக்குத்தான் என்று அவள் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தபோது, ஆனந்தனே எழுந்து, இன்றைக்கே காரை உடைக்கக் கொடுத்துவிடுகிறேன் என்று பூசாரியிடம் தழுதழுத்தான். பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா பேசற நீ? அம்மன் தள்ளுனது உன் பொய்ய. வண்டி இன்னா பண்ணிச்சு? இந்த வண்டிக்கோசரம் தெய்வம் எறங்கி வந்துகீது. அத்தப் போயி காயலான் கடைல போடுவியா?"

அதற்குள் ஒருத்தி பானெட்டில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் வைத்து நசுக்க எலுமிச்சம்பழத்தையும் கொண்டுபோய்விட்டாள். ஆனந்தன் திரும்பி மனைவியைப் பார்த்தான். முடிவை அவளே சொல்லட்டும் என்றான். தனக்கு இனி வாயில்லை என்றான்.

நான்தான் மாற்றினேன் என்று ஒரு வார்த்தை போதும். குலவை நின்றுவிடும், அம்மன் இறங்கி வந்த வண்டி பழைய ஓட்டை வண்டியாகிவிடும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் அவளைப் பற்றி இப்படி ஒரு நல்ல வார்த்தை சொன்னதே இல்லை. சொன்னது நாலு பேர் நடுவில், அதுவும் அழுதுகொண்டு. அந்தப் பெயரை அவளால் விட முடியவில்லை. வெட்கமாகவும் இருந்தது, இனிப்பாகவும் இருந்தது.

"சரவணகுமாருக்குப் போன் போடு," என்றாள். "இஞ்சின மாத்தச் சொல்லு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மஞ்சள் பூசிய பானெட்டைத் தடவிவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"புது இஞ்சின் பழகற வரைக்கும் மெதுவாத்தான் ஓட்டணும் செல்வி. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம இந்தக் கடலோரமா ஒரு சுத்து. நீயும் வா. பொய் சொல்லாதவ பக்கத்துல ஒக்காந்தா வண்டிக்கு நல்லது."

வாயைத் திறந்தால் உண்மை வருமோ சிரிப்பு வருமோ, தமிழ்ச்செல்விக்கே தெரியாது. கையில் கசங்கிய பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, வருகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.