சோற்றுருண்டை

சிந்தாமணி சொம்பைப் பிடுங்கிச் சன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள். பாதித் தண்ணீர் நாத்தனார் கலியம்மாளின் புடவையில் தெறித்தது.

"எங்கப்பனுக்குத் தண்ணி குடுக்க ஒங்கிட்ட உத்தரவு வாங்கணுமா?" என்றாள் கலியம்மாள்.

"எங்கிட்ட வேணாம் அண்ணி. டாக்டர்கிட்ட வாங்கிட்டு வாங்க."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த குருநாதன் மகளையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. பேச்சு வரவில்லை. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டினார். விடிந்ததிலிருந்து அதே சைகைதான்.

எல்லாம் ஒரு கோழிக்குழம்பால் வந்த வினை. அப்பனுக்கென்று ஆசையாய் ஆக்கிக் கீழப்பழுவூருக்குத் தூக்கி வந்தவள் கலியம்மாள். பல்லில்லாத மனிதர் மெல்ல வழியின்றி விழுங்கியதில் எலும்பு தொண்டையில் நின்றுவிட்டது. முள்ளோ எலும்போ சிக்கினால் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்க வைப்பதுதான் அந்தப் பக்கத்து வைத்தியம். கலியம்மாள் எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி உருட்டித் திணித்தாள்.

"போதும் அண்ணி, வலிக்குதுங்கறாரு."

"நேத்து வந்தவ எனக்குச் சொல்றியா?"

எலும்பு என்னவோ இறங்கிவிட்டது. மறுநாள் காய்ச்சல் கொதித்தது. கழுத்து வீங்கி, தொட்டால் தோலுக்கடியில் நறநறத்தது. சிந்தாமணியின் புருஷன் கொளஞ்சியப்பன் அரியலூருக்கு வண்டி கட்டினான்.

"சோத்துருண்டை நெட்டித் தள்ளினதுல எலும்பு சோத்துக்குழாயைக் கிழிச்சிருக்கு" என்றார் டாக்டர். "உள்ள எது போனாலும் நெஞ்சுக்குள்ள ஒழுகிச் சீழ் பிடிக்கும். ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாது. இந்த வயசுல கத்தி வச்சாத் தாங்கமாட்டாரு. கிழிசல் தானா மூடினாத்தான் உண்டு."

யுத்தம் முடிந்தபின் புதிதாக வரத்தொடங்கியிருந்த பெனிசிலினைப் போட்டார். தொடையில் ஊசி குத்தி உப்புத்தண்ணீர் ஏற்றினார். காவலுக்குச் சிந்தாமணியை உட்கார வைத்தார். கொளஞ்சியப்பனை நம்ப முடியாது. அக்கா மூக்கைச் சிந்தினால் சொம்பை எடுத்து நீட்டிவிடுகிற ஆள் அவன்.

சிந்தாமணிக்கு அவர் பிழைக்க வேண்டும். அந்த வீட்டில் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அதனால் கட்டைவிரல் சாயும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தாள். ஈரத்துணியால் உதட்டைத் துடைக்கவும் பயந்தாள். உறிஞ்சிவிட்டால் என்ன செய்வது?

அன்று சாயங்காலம் டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே கேக்கறதைக் குடும்மா" என்றார்.

அவளுக்குப் புரிந்தது. கரண்டியில் தண்ணீர் எடுத்துப் போனாள். கட்டைவிரல் இப்போது எதையும் கேட்கவில்லை. ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாகத் தலையணைக்கு வழிந்தது.

பிணம் வாசலுக்கு வருமுன்னே கலியம்மாள் ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். தாகத்திலேயே சாகடித்துவிட்டாளாம். ஊருக்கு அது போதும். குளிப்பாட்டி வாய்க்கரிசி போடும்போது, சிந்தாமணி அரிசியோடு கிட்டே வரவும் கலியம்மாள் குறுக்கே நின்றாள்.

"தண்ணி குடுக்காத கையி எங்கப்பன் வாயில படக்கூடாது."

கூட்டம் வேடிக்கை பார்த்தது. கொளஞ்சியப்பன் தரையைப் பார்த்தான். சோற்றுருண்டையைப் பற்றி அவனுக்கும் தெரியும். சிந்தாமணி நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, தன் கையிலிருந்த அரிசியை முறத்திலேயே போட்டாள்.

"சரி, நீங்களே போடுங்க அண்ணி."

கலியம்மாள் கை நிறைய அள்ளிக் குனிந்தாள்.

"கொஞ்சமாப் போடுங்க" என்றாள் சிந்தாமணி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "அவருக்கு முழுங்க வராது."

கலியம்மாளின் கை அப்பன் வாய்க்கு மேலேயே நின்றது. விரல்கள் பிரியவில்லை. பங்காளிகள் அவசரப்படுத்தினார்கள். மூடிய கையின் இடுக்குகளிலிருந்து அரிசி மணிமணியாகத் தரையில் உதிர்ந்தது.

அதைப் பொறுக்க ஒரு கோழி வந்தது. யாரும் விரட்டவில்லை.