எழுத்து அட்டையின் மூலை

வீட்டில் அவளுக்கு ‘ஜெர்மன்’ என்றே பெயராகிவிட்டது. ஜெர்மன் இலக்கியத்தில் முதுகலை, அதற்கு மேல் அந்த நாட்டு ஊமைப்படங்களில் ஆறு வருஷ ஆராய்ச்சி. அண்ணன் கிண்டல் பண்ணாமல் என்ன செய்வான். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தால் அதே துறையில் வேலை காத்திருந்தது.

ஆய்வேடே ஒரு படத்தின் மேல்தான் நின்றது. மூல நாவலில், தூரத்திலிருக்கும் அப்பாவின் சம்மதக் கடிதம் வந்த பிறகே நாயகி வீட்டைவிட்டுக் கிளம்புவாள். படத்தில் பெட்டியோடு முதலில் ரயில் ஏறிவிடுகிறாள். அடுத்த காட்சியில் வீட்டு மேசையில் உட்கார்ந்து கடிதம் படிக்கிறாள். அது நடந்ததில்லை, ரயிலில் போகிறவளின் கற்பனை என்று அறுபது பக்கம் எழுதியிருந்தாள். வழிகாட்டும் பேராசிரியை புகழ்ந்து தள்ளிவிட்டார்.

அவளுக்கு அது வெறும் படமும் இல்லை. அதை முதலில் பார்த்தபோது வயது இருபத்திரண்டு. வெளியூரில் படிக்கப் போகட்டுமா என்று கேட்டதற்கு “யோசிச்சுச் சொல்றேன்” என்றிருந்தார் அப்பா. அவர் யோசித்து முடிப்பதற்குள் பெட்டியைக் கட்டிக் கிளம்பிவிட்டாள். அப்பா ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஆய்வேட்டின் மேலட்டைக்கு ஒரு படம் எடுக்கத் திரைப்படக் காப்பகத்துக்குப் போனாள். அறுந்த சுருள்களை ஒட்டும் பெண் பூதக்கண்ணாடியை நீட்டினாள்.

“எனக்கு ஜெர்மன் தெரியாதுங்க. ஆனா நடுநடுல வசனம் காட்டற இந்த எழுத்து அட்டைங்க மூலைல பொடிசா நம்பர் இருக்கு. ரெண்டாம் டப்பா இருபத்தேழுல முடியுது. மூணாம் டப்பா நாப்பத்தொண்ணுல ஆரம்பிக்குது. இருபத்தெட்டு நாலாம் டப்பால கெடக்கு.”

அவள் குனிந்து பார்த்தாள். யாரோ மூன்றாம், நான்காம் டப்பாக்களின் மேல் சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். கணினியில் அவள் பார்த்த பிரதியும் இதிலிருந்து எடுத்ததுதான். அட்டைகளின் ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு மனப்பாடம். மூலைப் பக்கம் மட்டும் கண் போனதே இல்லை.

“சீட்டைத் திங்கக்கிழமை மாத்திக்கறேன்” என்றாள் ஒட்டுகிறவள், அவள் முகத்தைப் பார்க்காமல். “அதுக்குள்ள நீங்க ஆய்வேட்டக் குடுத்துடுவீங்கல்ல.”

அப்படியே கொடுத்துவிட ஆசையாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப ஆசையாக இருந்தது. பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சரியான வரிசைல ஒருதடவ ஓட்டுறீங்களா?”

ஓட்டினார்கள். நாயகி நாள்கணக்கில் காத்திருந்தாள். கடிதம் வந்தது, படித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ரயில் ஏறினாள். நாவலில் உள்ளது உள்ளபடி, கற்பனைக் காட்சி எதுவும் இல்லை. அடக்கமான, நல்ல பெண்.

வராந்தாவில் நின்று பேராசிரியையை அழைத்துச் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“அப்போ வெள்ளிக்கிழமை முடியாது. வேலையும் வேற ஆளுக்குப் போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.”

சாயங்காலம் வீட்டில் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு முழுக்கதையையும் சொன்னாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“அப்ப அந்தப் பொண்ணு காத்துக்கிட்டுத்தான் இருந்துதா?”

“ஆமாப்பா. அவளப் பாத்துத்தான் தைரியம் வந்துதுன்னு இத்தன நாள் நெனச்சேன். அவ சம்மதம் வராமப் போகவே இல்ல. நான்தான் போயிருக்கேன்.”

அப்பா காலரை இரண்டு தரம் திருப்பிப் போட்டுத் தேய்த்தார்.

“நீ காத்திருந்தா வேணாம்னுதான் சொல்லிருப்பேன்” என்றார். “போனது நல்லதாப் போச்சு.”