எருக்குழி ஓரத்தில் ஒரு கன்று

கன்றுக்குட்டியை முந்தானையில் சுருட்டி அள்ளிக்கொண்டு ஓடினாள் பத்மினி. எருக்குழியிலிருந்து கொட்டகைக்கு நாற்பதடிதான். ராத்திரி முழுக்கத் தூறிய மார்கழி மழையில் வழியெல்லாம் சேறு. இரண்டு முறை கால் சறுக்கியது. கன்றின் தலை தொங்கியது. ஓடிக்கொண்டே அதன் வாய்க்குள் விரலை விட்டாள். நாக்கு ஐஸ் மாதிரி இருந்தது. பிறந்த கன்று விரலைச் சப்ப வேண்டும். இது சப்பவில்லை.

கொட்டகையில் தாய்ப்பசு கயிறு அறுந்துவிடும்போல் இழுத்துக் கத்தியது. காய்ந்த வைக்கோலை உதறிப் போட்டுக் கன்றைக் கிடத்தினாள். கோணிப்பையால் சுற்றி, முதுகிலும் விலாவிலும் பரபரவென்று தேய்த்தாள்.

மாமனார் அப்பாவு துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வுடும்மா. காளங்கன்னு அது. கரண்ட் இல்லாத இருட்டுல நான்தான் தடவிப் பாத்து அங்க போட்டேன். தானா பூடும்."

தானாகப் போய்விடும்! குடிபாலா பக்கத்தில் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் கேட்கிற பேச்சுதான். உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு காளைக்கு வேலை இல்லை. பால் கம்பெனி வேன் இரண்டு வேளையும் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது. காளைக்கன்று குடிக்கிற பால் வீண். அதற்காக யாரும் கன்றைக் கொல்லமாட்டார்கள். பாவமாம்! ஈரம் துடைக்காமல், ஒரு வாய் சீம்பால் கொடுக்காமல், பனியில் கிடத்திவிட்டுப் போய்ப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். மிச்ச வேலையைக் குளிர் பார்த்துக்கொள்ளும்.

பத்மினி இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கல்யாணமாகி வந்த நாலு வருஷத்தில் இரண்டு கன்றுகள் இப்படிப் போனதை வாயை மூடிக்கொண்டு பார்த்தவள் அவள். புருஷன் கிரண்குமாருக்கு நாயுடுபேட்டை கம்பெனியில் ஷிப்டு வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். சாணியும் தீவனமும் அவள் தலையில். எது வாழும், எது சாகும் என்ற முடிவு மட்டும் மாமனார் கையில்.

தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "தொப்புள்கொடியத் தடவிட்டு காளைன்னு தூக்கிப் போட்டீங்களா மாமா? கெடேரி இது, பொட்டக்கன்னு."

அப்பாவு ஆடிப்போனார். நாற்பது வருஷம் மாடு பார்த்த கை. ஆனாலும் ஈரக்கொடி வயிற்றடியில் தொங்கும்போது இருட்டில் ஏமாறுவது உண்டு. ஜெர்சிக் கிடாரியை எருக்குழியில் போட்ட ஆள் என்று தெரிந்தால் டீக்கடையில் தலைகாட்ட முடியாது. பார்க்கிறேன் என்று குனிந்தார். கோணியைப் பிரித்தால் காற்று புகுந்துவிடும், முதலில் வெந்நீர் வையுங்கள் என்று விரட்டினாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பாவுவின் கட்டிலிலிருந்து கம்பளி வந்தது. கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் வெந்நீர் நிரம்பி, துணி சுற்றி, கன்றின் வயிற்றுக்கு அண்டக் கொடுக்கப்பட்டது. நச்சுக்கொடி விழாமல் மடியில் கை வைக்கக்கூடாது என்று இத்தனை வருஷம் சண்டை போட்ட மனுஷன், தானே குந்தி ஒரு சொம்பு சீம்பால் கறந்தார். மாட்டு டாக்டர் நாகையாவை அவரே செல்லில் கூப்பிட்டார். "பெய்ய தூடனா, கோடெ தூடனா?" என்று தெலுங்கில் கேட்டாராம் டாக்டர். கிடாரியா, காளையா என்று! கிடாரி என்றதும் அரைமணியில் மழைக்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கினார்.

கோணியின் ஓரத்தைத் தூக்கி, வாலை நகர்த்தித் தெர்மாமீட்டர் வைத்தார் நாகையா. ஏதோ சொல்ல வாயெடுத்துப் பத்மினியைப் பார்த்தார். அவள் கண்ணிமைக்காமல் அவரையே பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஊசியை எடுத்தார், குளுக்கோஸ் ஏற்றினார். இன்னும் ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் தீர்ந்திருக்கும், எவன் போட்டான் என்று கேட்டார். அப்பாவு கூரையைப் பார்த்தார்.

காலை ஒன்பது மணிக்குக் கன்று பத்மினியின் விரலைச் சப்பியது.

பாட்டிலில் சீம்பால் புகட்டியவர் அப்பாவுதான். மடியில் அதன் தலையை வைத்துக்கொண்டு, "குடிம்மா, மெல்லக் குடி" என்று கொஞ்சினார். வேலிக்கு அந்தப்பக்கம் வந்த பக்கத்து வீட்டுத் தாட்சாயணியிடம், தான் எப்படிக் காப்பாற்றினார் என்று கதையும் அளந்தார். பத்மினிக்கு அதுதான் தாங்கவில்லை. விடிகாலையில் இருந்ததும் இதே உயிர்தானே? ஒரே ஒரு வார்த்தை மாறியதும் கம்பளி வருகிறது, டாக்டர் வருகிறார், கொஞ்சல் வருகிறது. தூ!

தாட்சாயணி போகட்டும் என்று காத்திருந்தாள். கன்று பின்னங்காலை ஊன்றி, இடுப்பில் சுற்றிய கோணியோடு தள்ளாடி எழுந்தது. அப்பாவு இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மாமா, இத்த மறுபடி வெளியில போடச் சொன்னா போடுவீங்களா?"

"இன்னாம்மா பேசற நீ? என் கையில பால் குடிச்ச உசுரு. எவனாச்சும் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்."

"சத்தியமா?"

"உம் மேல சத்தியம்."

பத்மினி கோணியை உருவி எடுத்தாள்.

"இருட்டுலயும் உங்க கை தப்பாப் பாக்கல மாமா. காளங்கன்னுதான்."