மடக்க முடியாத ஸ்டாண்டு

வக்கீலம்மா மூக்கைச் சொறிந்த நேரம் பார்த்துத்தான் ஃப்ளாஷ் அடித்தது. ஸ்டூடியோக்காரர் அப்போது கேமராவைத் தொடக்கூட இல்லை. லென்ஸ் துடைக்கும் துணியை எங்கே வைத்தோம் என்று சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் அவர் முறையாகக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, "ரெடி மேடம்" என்று சொல்லிப் பதினோரு தடவை பொத்தானை அழுத்தியிருந்தார். ஓரத்தில் ஸ்டாண்டின் உச்சியில் வெள்ளைக் குடைக்குள் உட்கார்ந்திருந்த ஃப்ளாஷ், கல்யாண வீட்டில் முறைத்துக்கொண்ட சம்பந்தி மாதிரி பதினோரு தடவையும் வாயே திறக்கவில்லை.

"இப்ப எடுத்தீங்களா?" என்றார் வக்கீலம்மா, விரலை மூக்கிலிருந்து எடுக்காமல்.

"இல்ல மேடம்."

"அப்ப யாரு எடுத்தா?"

நீதிமன்றத்தில் இருபது வருஷம் குறுக்கு விசாரணை செய்தவரின் கேள்வி. ஸ்டூடியோக்காரர் "அதுவா அடிக்குது" என்று முனகிவிட்டு ஃப்ளாஷின் முதுகை ஒரு தட்டு தட்டினார். தட்டினால் சரியாகும் என்ற நம்பிக்கை அவருக்கு எல்லாச் சாமான்களிடமும் உண்டு.

வக்கீலம்மா வக்கீல்கள் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு நிற்கிறார். நோட்டீஸில் போட ஒரு படம் வேண்டும். நாளை மதியத்துக்குள் அது அச்சகத்தில் இருக்க வேண்டும். சிரிக்கவும் கூடாது, முறைக்கவும் கூடாது, பார்க்கிறவர்களுக்கு ஓட்டுப் போடத் தோன்ற வேண்டும். போன தேர்தலுக்கும் இங்கேதான் எடுத்தார். அப்போது இந்த அறையில் இன்னொரு ஆள் இருந்தாள்.

அந்த ஆள், ஸ்டூடியோக்காரரின் மனைவி, போய் இன்றோடு நான்கு நாள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் பஸ்ஸாவது ஏறுவார்கள். இந்த அம்மாள் பெட்டியை இழுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி, கீழே இருக்கும் தையல் கடையைச் சுற்றி, பின்சந்தைத் தாண்டி, எதிர்க் கட்டடத்தில் முதல் மாடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். நடந்தால் மொத்தம் எழுபது எட்டு வைக்க வேண்டியிருக்கும். ஸ்டூடியோவின் பின் ஜன்னலைத் திறந்தால் அக்காவின் சமையலறை ஜன்னலும் துணிக்கொடியும் நேர் எதிரே தெரியும். அதனாலேயே அவர் நான்கு நாளாக அந்த ஜன்னலைத் திறக்கவில்லை. காற்று வராமல் அறை புழுங்கியது, புழுங்கட்டும்.

காரணம் தெருவுக்கே தெரியும். போன வாரம் ஒரு கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர் குழுப்படம் எடுக்க வந்தார்கள். மனைவி வழக்கம்போல ஃப்ளாஷைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, அரை அடி நகர்ந்து, மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்து நின்றாள். வந்தவர்களில் ஒருவர் மரியாதைக்கு, "இவங்களும் ஃபோட்டோகிராஃபரா?" என்று கேட்டார். நம்மவருக்கு நாக்கில் சனி. "இவளா, இவ என் லைட் ஸ்டாண்டு. மடக்கி மூலைல வைக்க முடியாது, அது ஒண்ணுதான் குறை" என்றார். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் படத்தில் விழுந்தது. அருமையான படம், எல்லார் பல்லும் தெரிகிறது. அவள் மறுநாள் காலை பெட்டியைக் கட்டினாள்.

அவள் போன அன்றைக்கே ஸ்டூடியோக்காரருக்குச் சுத்தம் செய்யும் வேகம் வந்தது. தனியாகவே இந்த இடம் நடக்கும் என்று யாருக்கோ காட்ட வேண்டும் போலிருந்தது. பழைய ஒயர்களைத் தூக்கி எறிந்தார். கேமராவின் மேல் உட்காரும் ட்ரிக்கருக்கு, அதுதான் ஒயர் இல்லாமல் ஃப்ளாஷுக்குச் சைகை காட்டும் பெட்டி, புது பேட்டரி போட்டார். ஃப்ளாஷ், ஸ்டாண்டு, குடை என்று எல்லாவற்றின் மேலும் அவள் ஒட்டி வைத்திருந்த காயத்துப் பிளாஸ்திரித் துண்டுகளை உரித்தார். அதில் பேனாவால் என்னவோ கிறுக்கியிருந்தது. அழுக்காகத் தெரிந்தது. உரித்து உருட்டிக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, பளபளவென்று நிற்கும் சாமான்களை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து இன்று வரை யாரும் படம் எடுக்க வரவில்லை. சாமான்கள் பளபளவென்றே நின்றன.

இப்போது அவர் ஃப்ளாஷின் பேட்டரிகளைக் கழற்றினார், வேட்டியில் துடைப்பதுபோல் கால்சட்டையில் துடைத்தார், திருப்பிப் போட்டார். கேமராவின் மேல்முனையில் இருந்த செப்புப் புள்ளிகளை ரப்பரால் தேய்த்தார். ஸ்டாண்டைக் கிட்டே இழுத்தார், தள்ளி வைத்தார். உட்கார்ந்தார், எழுந்தார், அழுத்தினார். ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்கத் திரும்பினார். பளீர்.

"நீங்க தண்ணி குடிச்சா அடிக்குது" என்றார் வக்கீலம்மா. "குறிச்சு வச்சுக்கிறேன்."

கதவைத் தட்டாமல் தையலம்மா உள்ளே வந்தார். கீழ்க்கடையில் ஊசியும் நூலும் வைத்திருந்தாலும் அவருடைய உண்மையான தொழில் ஊர்க்கதை. "காலையிலேர்ந்து மேல ஒரே மின்னலா இருக்கே, கூட்டம் பிச்சுக்கிட்டுப் போகுதாக்கும்னு நெனச்சேன்" என்றவர், நாற்காலியில் ஒரே ஒரு வக்கீலம்மாவைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "வீட்ல இன்னும் வரலையா தம்பி?"

"வேலையா இருக்கேங்க."

"தெரியுது, தெரியுது." தையலம்மா குடையையும் அவரையும் பார்த்துவிட்டு, கொண்டுவந்த செய்தியை விடப் பெரிய செய்தியோடு படி இறங்கினார்.

காலையிலிருந்தா? அவர் ஃப்ளாஷைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தபோதுமா? ஸ்டூடியோக்காரர் வீடியோக்காரரை ஃபோனில் பிடித்தார். பழைய சிநேகிதர், கல்யாண மண்டபங்களில் இவரோடு சேர்ந்து வேர்வை சிந்தியவர்.

"பேட்டரி மாத்தினீங்களா? மாத்தினா ட்ரிக்கர் எல்லாத்தையும் மறந்து ஒண்ணாம் நம்பருக்குப் போயிரும். ஃப்ளாஷு, பேட்டரியைக் கழட்டினாலும், பழைய நம்பர்லயே நிக்கும். ரெண்டும் ஒரே நம்பர்ல இருந்தாத்தான் பேசிக்கும்" என்றார் வீடியோக்காரர்.

"சரி, அதுவா அடிக்குதே?"

"அதுவா எப்படிங்க அடிக்கும்? பக்கத்துல யாரோ உங்க நம்பர்ல அழுத்துறாங்க. உங்க நம்பர் என்ன?"

ஸ்டூடியோக்காரர் ஃப்ளாஷைப் பார்த்தார். அதில் திரை கிடையாது, ஒரு சிவப்புப் புள்ளிதான். மொத்தம் தொண்ணூற்றொன்பது நம்பர். பதினான்கு வருஷமாகப் படம் எடுக்கிறார். நம்பர் வைத்தது அவர் இல்லை. "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டு, ட்ரிக்கரில் இரண்டு, மூன்று, நான்கு என்று திருகி அழுத்த ஆரம்பித்தார். பத்துக்குள் விரல் வழுக்கியது. எட்டைப் பார்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடி இரண்டுக்கு வந்தார்.

"தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?" என்றார் வக்கீலம்மா, கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்து. "நான் எந்த வழக்கையும் இவ்வளவு இழுத்ததில்ல."

மனைவியின் எண்ணுக்கு அடிக்க விரல் போகவில்லை. அவள் அக்காவின் எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க தம்பி" என்றார் அக்கா. குரலில் நான்கு நாள் காத்திருந்த சுறுசுறுப்பு.

"ஒண்ணுமில்ல அண்ணி. அந்த ஃப்ளாஷு... நம்பர் என்னன்னு அவகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

"அவ்வளவுதானா கேக்கணும்?"

கேட்க வேண்டியது வேறு ஒன்று தொண்டை வரை வந்து, வக்கீலம்மா எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. "அவ்வளவுதான் அண்ணி."

மறுமுனையில் கை பொத்திய பேச்சு. பாத்திரம் வைக்கும் சத்தம். பிறகு அக்கா, ஒப்பிக்கிற குரலில், "லைட் ஸ்டாண்டுக்கு நம்பரெல்லாம் தெரியாதாம். சொல்லச் சொல்றா" என்றார். ஃபோனுக்குள் தூரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், பால்பாயிண்ட் பேனாவை அழுத்துவதுபோல.

அறையில் ஃப்ளாஷ் பளீரென்று அடித்தது.

மறுபடி ஃபோனில் 'டிக்'. மறுபடி பளீர்.

"அடி, அதைக் கீழ வையேன். காலையிலேர்ந்து டிக்கு டிக்குன்னு" என்று அக்கா அந்தப் பக்கம் யாரையோ அதட்டினார். "வைக்கட்டுமா தம்பி?"

அவர் ஃபோனை வைத்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். அவசரத்துக்கு என்று அவள் வாங்கி வைத்திருந்த இரண்டாவது ட்ரிக்கர் இருந்த இடத்தில் அதன் உறை மட்டும் கிடந்தது. நகம் கடிக்கிறவர்கள் உண்டு, காலாட்டுகிறவர்கள் உண்டு. அவளுக்கு மனசு சரியில்லை என்றால் கையில் கிடைக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பாள். இங்கே அடிக்கிறது என்று தெரிந்து அழுத்துகிறாளா, தெரியாமல் அழுத்துகிறாளா?

"எதிர்த்தரப்பு சாட்சி சொல்லியாச்சு போல" என்றார் வக்கீலம்மா. "நம்பர் கிடைச்சுதா?"

அவர் வாசலுக்கு ஓடினார். குப்பைப் பை இன்னும் படியோரத்தில்தான் இருந்தது. அதைக் கீழே இறக்குவதும் அவள் வேலையாக இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெறுந்தரையில் மண்டியிட்டு, தலைமுடியும் தூசியும் ஒட்டிய பிளாஸ்திரி உருண்டையை நகத்தால் பிரித்தார். '47. முதல்ல இதை ஆன் பண்ணுங்க' என்றது ஒன்று. 'கண்ணாடி போட்டவங்கன்னா இன்னும் ஒரு சாண் உயரம்' என்றது இன்னொன்று. 'ஒரு தடவை அடிச்சதும் அவசரப்படாதீங்க, சிவப்பு விளக்கு வரட்டும்' என்று மூன்றாவது. இவற்றையெல்லாம் அவள் தன் ஞாபகத்துக்கு ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்திருந்தார். தனக்குத்தானே யாராவது 'பண்ணுங்க' என்று எழுதிக்கொள்வார்களா? பிளாஸ்திரிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கீழே தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றிருந்தது. தையலம்மா காதை மேலே வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

நாற்பத்தேழில் ஃப்ளாஷ் ஒழுங்காக அடித்தது. ஆறு படம் எடுத்தார். வக்கீலம்மா கேமராவின் பின்திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். எல்லாம் தெளிவு. மூக்கின் நிழல் மட்டும் மீசை மாதிரி உதட்டில் விழுந்திருந்தது.

"இதைப் பாத்தா எனக்கே ஜாமீன் குடுக்கத் தோணலையே" என்றார். "போன தடவை அவங்க கிட்ட வந்து, தாடையைத் தொட்டு இப்படித் திருப்பினாங்க. அப்புறம் லைட்டை எங்கேயோ கொண்டு போனாங்க."

"நான் குடையைக் கொஞ்சம் ஏத்தி..."

"வேணாம் சார். நாளைக்குப் பத்து மணிக்கு வரேன். அவங்க இருந்தா எடுத்துக்கலாம்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டவர் வாசலில் நின்று திரும்பினார். "இருப்பாங்களா?"

ஸ்டூடியோக்காரர் தலையை ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி ஆட்டினார். அந்த ஆட்டலைப் பதிவு செய்துகொள்கிறவர் மாதிரி ஒரு நொடி பார்த்துவிட்டு வக்கீலம்மா போனார்.

அவர் அறைக்குள் நடந்தார். முன் ஜன்னலிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து நாற்காலிக்கு. ஃபோனை எடுத்தார், வைத்தார். நேரில் போகலாம், எழுபது எட்டு. போனால் தையல் கடை வாசலைத் தாண்ட வேண்டும், அக்காவின் கணவர் கதவைத் திறந்து "வாங்க வாங்க" என்று ஒரு மாதிரிச் சிரிப்பார், சோஃபாவில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும், அத்தனை பேர் நடுவில் மன்னிப்பு வார்த்தையைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேர் நடுவில் 'லைட் ஸ்டாண்டு' என்று சொன்னபோது இந்தக் கணக்கெல்லாம் அவர் பார்க்கவில்லை. அதுவும் ஞாபகத்துக்கு வந்தது.

வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஃப்ளாஷ் தானாக ஒரு தடவை அடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

அவர் கேமராவின் ட்ரிக்கரை அணைத்தார். ஃப்ளாஷை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார், குடையை எடுத்துவிட்டார். பின் ஜன்னலின் கொக்கி நான்கு நாளில் இறுகியிருந்தது. உள்ளங்கையால் குத்தித் திறந்தார். எதிரே அக்கா வீட்டு ஜன்னலில் பாதித் திரை. துணிக்கொடியில் ஒரு துண்டும், அவளுடைய நீலச் சேலையும்.

ஃப்ளாஷை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, முகப்பை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு கனமா இது? அவள் மணிக்கணக்கில் நிற்பாளே. ஒரு நிமிஷத்தில் தோள் இறுகியது. சந்தில் போன யாரோ அண்ணாந்து பார்த்தார்கள். கீழே தையலம்மாவின் பின்கதவு மெதுவாகத் திறந்தது. அவர் கையை இறக்கவில்லை. மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்க்க வேண்டுமோ என்று தோன்றி, சாய்த்துப் பார்த்தார்.

ஃப்ளாஷ் அடித்தது. சந்து முழுக்க ஒரு நொடி வெளுத்தது. எதிர்ச்சுவர், கொடி, சேலை, திரையின் ஓரம், திரைக்குப் பின்னால் நெஞ்சோடு சேர்த்து எதையோ பிடித்திருந்த ஒரு கை. பிறகு எல்லாம் முன்னைவிட இருட்டாகிவிட்டது.

அவர் கண்ணைக் கொட்டாமல், கையை மாற்றாமல் நின்றார், சிவப்பு விளக்கு மறுபடி வரட்டும் என்று.